சுண்டுவிரல் எழுத்து

1970 ஆகஸ்ட் 17, திங்கட்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். வானம் மூடியிருந்தது, மழை இல்லை. தெற்குக் காற்றில் பீங்கான் ஆலையின் வெள்ளைத் தூசி பறந்து வந்து அப்பாவின் எண்ணெய் தடவிய தலையில் படிந்து, அவரைப் பத்து வயது கூட்டிக் காட்டியது. நேரம் எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று கேட்பீர்கள். ஆலையின் வெளிநாட்டுக்காரர் குடியிருப்பில், மூன்றாம் எண் பங்களாவின் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. எண்கள் இல்லாமல் வெறும் கோடு போட்டது. புது ஷூ காலைக் கடித்ததால் அந்தக் கோடுகளை எண்ணிக்கொண்டே நின்றேன். பன்னிரண்டு கோடும் சரியாக இருந்தன.

வருடத்துக்கு ஒருமுறை, உயிரோடு இருக்கிறோம் என்று காட்டுவதற்காக என்னோடு கருவூல வாசலில் வரிசையில் நிற்கிற நண்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போன மாதம் மஸ்கட்டிலிருந்து மகன் ஒரு கோப்பு அனுப்பினான். பேத்தியைச் சேர்க்கப் போகிற பன்னாட்டுப் பள்ளியின் விதிகள், பாடத்திட்டம், கட்டணம். நாற்பத்தொரு பக்கம். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கான பள்ளி. கட்டணத்தை நான் மூன்று முறை கூட்டினேன். மூன்று முறையும் ஒரே தொகைதான் வந்தது. அது என் கவலை இல்லை, அவன் கம்பெனி கட்டுகிறது. "குடும்பப் பேருன்னு ஒரு கட்டம் இருக்குதுப்பா, அதுல என்ன போடறது?" என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். யோசித்ததில் வந்ததுதான் இது.

அந்தப் பீங்கான் ஆலை இப்போது இல்லை. அன்றைக்கு அங்கே நீளமான புதுச் சூளை ஒன்று கட்டுவதற்கு வெளிநாட்டிலிருந்து ஆறு குடும்பங்கள் வந்திருந்தன. ஆறு குடும்பத்துக்கும் எட்டு வயதுக்குக் கீழே பதினொரு பிள்ளைகள். அதற்கு மேல் வயதுள்ளவர்களை மலையில் இருந்த விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தப் பதினொரு பேருக்காக மூன்றாம் எண் பங்களாவில் ஒரு பள்ளி நடந்தது. ஓர் ஆசிரியை. நாங்கள் டீச்சரம்மா என்போம். பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தால் அவர்கள் ஊர் அலுவலகம் இரண்டாவது ஆசிரியையை அனுப்பும். இல்லாவிட்டால் டிசம்பரோடு பள்ளியை மூடிவிடும். ஒரு பிள்ளை குறைந்தது.

ஆலை ஊழியர் பிள்ளை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம், மாதம் முப்பது ரூபாய் கட்ட வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. அந்த அறிவிப்பைத் தட்டச்சு செய்தவர் என் அப்பா. ஆலை அலுவலகத்தின் ஒரே டைப்பிஸ்ட் அவர்தான். முப்பது என்ற எண்ணைப் பார்த்ததும் மற்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டு விலகினார்கள். அப்பாவின் சம்பளம் நூற்று நாற்பத்தெட்டு. அவர் விலகவில்லை.

அறிவிப்போடு பாடத்திட்டத்தையும் அவரே அடித்தார். அதன் நீலக் கார்பன் நகல் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. வெகுநாள் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்தது, பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனால் மனப்பாடம். வாரத்துக்குப் பாட்டு மூன்று பீரியடு, தொட்டியில் நீச்சல் இரண்டு, பறவை பார்க்க நடை ஒன்று, மணி கோத்து எண் விளையாட்டு ஐந்து, களிமண் வேலை நான்கு. பரீட்சை கிடையாது. அப்பா ஒவ்வொரு வரியையும் வாசித்து நிறுத்தி, இதற்குள் ஏதோ பெரிய சூட்சுமம் இருக்கிறது என்ற முகத்தோடு எங்களைப் பார்த்தார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அந்த ஆலையில் மண் பிசைகிற இடத்தில் கூலிக்கு இருந்தார். முழங்கை வரை வெள்ளையாகவே இருப்பார். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மச்சான், எனக்கு மண்ணு பெசைய ஒரு நாளைக்கி ரெண்டே கால் ரூவா அவுங்க குடுக்கறாங்க. இவன் மண்ணு பெசைய மாசம் முப்பது ரூவா நீங்க குடுக்கணுமா?"

"அது வேற மண்ணு மாப்ள."

"ஒரே மண்ணுதான் மச்சான். நான்தான மூட்டை கட்டி அந்த பங்களாவுல கொண்டாந்து போட்டேன்."

"மண்டையில களிமண்ணு இருக்குதுன்னு இந்தப் பள்ளிக்கூடத்துல திட்டறாங்க," என்றாள் அம்மா. "அங்க அதையே பாடமா வச்சிருக்காங்க போல."

எல்லாரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். அடுத்த நாள் பன்னிரண்டு ரூபாய் ஐம்பது பைசாவுக்கு ஒரு ஜோடி பழுப்பு ஷூ வாங்கி வந்தார். வளர்கிற கால் என்று ஓரளவு பெரிதாகவே வாங்கியிருந்தார். அப்படியும் குதிகாலில் கடித்தது. பெரிய ஷூ எப்படிக் கடிக்கும் என்று அப்பா கேட்டார். கடித்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். அந்தப் பங்களாவுக்குள் சோப்பு வாசனையும் மெழுகு வாசனையும் கலந்து அடித்தது. சுவரோரம் பன்னிரண்டு கொக்கிகள். ஒவ்வொன்றுக்கும் மேலே எண்ணுக்குப் பதில் ஒரு படம்: மீன், படகு, ஆப்பிள் என்று. பதினொன்றில் பைகள் தொங்கின. பன்னிரண்டாவதில் சிவப்புக் குடை வரைந்திருந்தது, கொக்கி காலியாக இருந்தது. அதைப் பார்த்த நிமிடமே அது எனக்கு வேண்டும் என்று தோன்றிவிட்டது. இதை நான் அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் பின்னால் வினையாயிற்று.

டீச்சரம்மா என் கையில் ஓர் உருண்டை மண் கொடுத்தார். அப்பா ராத்திரி பகலாக மனப்பாடம் செய்ய வைத்த பதினாறாம் வாய்ப்பாட்டை ஒருவரும் கேட்கவில்லை. நான் கரண்டுக் கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் கப்பு ஒன்றைச் செய்தேன். எங்கள் ஊரில் அடுக்கு அடுக்காக அதைத்தானே பார்த்தேன். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குடைப் படத்தைக் காட்டி ஏதோ சொன்னார். அப்பாவின் முகம் மலர்ந்த விதத்தில் எனக்கு அர்த்தம் புரிந்தது.

பிறகு வயதுச் சான்று கேட்டார். அப்பா சட்டைப் பையிலிருந்து என் பஞ்சாயத்துப் பள்ளித் தலைமை ஆசிரியர் கொடுத்த உறையை எடுத்து நீட்டினார். ஒட்டிய உறை. இன்னொருவருக்கு முகவரியிட்ட உறையை அப்பா பிரிக்க மாட்டார். டீச்சரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எண்களுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. 10.4.1962 என்ற இடத்தில் விரலை வைத்தார். மற்றக் கையில் விரல் விட்டு எண்ணினார். செப்டம்பர் முதல் தேதியில் எட்டு முடிந்திருக்கக் கூடாது. எனக்கு எட்டு வருடம் நான்கு மாதம் இருபத்திரண்டு நாள்.

நான் பிறந்தது 1962 டிசம்பர் 24. உண்மையான கணக்கில் ஏழு வருடம் எட்டு மாதம் எட்டு நாள்.

அப்பா, "தப்பு, தப்பு," என்று இங்கிலீஷில் இரண்டு முறை சொன்னார். டீச்சரம்மா தேதிக்குக் கீழே இருந்த கையெழுத்தைக் காட்டி, இது யாருடையது என்று கேட்டார். அது அப்பாவுடையது.

இனி அந்தக் கையெழுத்தின் கதை. 1967 ஜூனில் என்னைப் பள்ளியில் சேர்க்கிறபோது எனக்கு நாலரை வயதுகூட ஆகவில்லை. வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொன்னார் தலைமை ஆசிரியர். நம் எல்லாருக்கும் நடந்ததுதான். தொட்டால் ஐந்து வயது. எனக்கு எட்டவில்லை. அவருக்கோ முப்பத்தொன்பது பிள்ளைகள் இருந்தார்கள், நாற்பது பேரைக் காட்டினால்தான் இரண்டாவது ஆசிரியர் வருவார். எழுந்து வந்தார், என் இடது காதைப் பிடித்து மேலே இழுத்தார், விரல் நுனியில் ஒட்டினார். "தொட்டுட்டான்," என்றார். தான் சைக்கிள் வாங்கிய தேதியை என் பிறந்த தேதியாக எழுதிக்கொண்டார். அம்மா மட்டும், "புள்ளைக்கி காது சிவந்துபோச்சே," என்றாளாம். அப்பா சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். சீக்கிரம் படிப்பான், சீக்கிரம் வேலைக்குப் போவான், எட்டு மாதம் மிச்சம் என்பது அவர் கணக்கு. வீட்டில் எல்லாரும் உண்மை வயதையே சொல்லி வந்ததால் அந்தக் காகித வயது அவருக்கு மறந்தே போயிருந்தது.

டீச்சரம்மா நல்லவர். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தபால் பை கட்டுவார்கள், அதற்குள் வேறு சான்று கொண்டுவந்தால் போதும் என்றார். நான்கு நாள் அவகாசம்.

செவ்வாய்க்கிழமை தலைமை ஆசிரியரிடம் போனோம்.

"சார், தேதிய மட்டும் திருத்திக் குடுங்க."

"எப்பிடி சார் திருத்தறது? நாப்பதாவது புள்ளை இவன். இவன் அப்ப சேர்ந்திருக்கவே கூடாதுன்னு நானே எழுதிக் குடுக்கவா? இன்ஸ்பெக்டரு கேட்டா என்ன சொல்லட்டும்? கீழ யாரு கையெழுத்துன்னும் பாத்துக்குங்க."

"புள்ளையோட எதிர்காலம் சார்."

"என் ரெண்டாவது டீச்சரோட எதிர்காலம் சார்."

அவர் கெட்டவர் இல்லை. இரண்டு பள்ளிக்கும் தலைக்கணக்கு வேண்டியிருந்தது. முதலில் பிடித்தவர் விடவில்லை, அவ்வளவுதான்.

புதன்கிழமை அப்பாவும் மாமாவும் பெண்ணாடம் பஸ் ஏறினார்கள். நான் பிறந்தது வெள்ளாற்றங்கரையில் அம்மாவின் ஊரில். அங்கே மணியக்காரர் வீட்டில் பிறப்பு இறப்புப் பதிவேடு இருந்தது. இரண்டு பேருக்குப் போக வர பஸ் செலவு இரண்டு ரூபாய் நாற்பது பைசா. நகல் எடுக்க ஒரு ரூபாய், டீக்கு என்று ஐம்பது பைசா. சாயங்காலம் இருவரும் திரும்பி வந்தபோது மாமா முன்னால் வந்தார், அப்பா இருபதடி பின்னால் வந்தார். எப்போதும் அப்பாதான் முன்னால் நடப்பார்.

பதிவு இருந்தது. 24.12.1962, ஆண் குழந்தை, பெயர் வைக்கவில்லை. தாய் பெயர் சரி. தகப்பன் பெயர் என்ற இடத்தில் மாமாவின் பெயர்.

நான் பிறந்த அன்று அப்பா விருத்தாசலத்தில் வேலையில் இருந்தார். தகவல் சொல்லப் போனவர் மாமா. அவருக்கு அப்போது பத்தொன்பது வயது, மீசை முளைத்த பெருமை. யாருப்பா நீ, பேர் என்ன என்று மணியக்காரர் கேட்டிருக்கிறார். தன் பெயரைச் சொல்லியிருக்கிறார். மணியக்காரர் அதையே எழுதிக்கொண்டார்.

ஆக, ஒரு காகிதத்தில் அப்பா சரி, வயது தப்பு. இன்னொரு காகிதத்தில் வயது சரி, அப்பா தப்பு. மேசை மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு நால்வரும் உட்கார்ந்திருந்தோம்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்குப் புள்ளை பொறந்துட்டுது," என்றார் மாமா. இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை அப்பா அந்த நகலை டீச்சரம்மாவிடம் காட்டி நடந்ததைச் சொன்னார். அவர் ஒரு வழி சொன்னாராம். இந்தக் காகிதம் தனக்குப் போதும். விண்ணப்பத்தில் தகப்பன் பெயர் இதோடு ஒத்துப்போனால் சரி, மாமாவே கையெழுத்துப் போடட்டும். தங்கள் ஊர் அலுவலகம் காகிதத்தைத்தான் பார்க்கும், முகத்தைப் பார்க்காது என்றாராம்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் அப்பா இதை எங்களிடம் சொன்னார். நல்ல செய்தி சொல்கிறவர் குரல் இல்லை அது.

"அப்பறம் என்ன மச்சான்? நான் போடறேன் கையெழுத்து. நான் என்ன வேத்தாளா?"

"இனிஷியலு மாறிப்போவும் மாப்ள."

"ஒரு எழுத்துதான?"

"ஒரு எழுத்துதான். பத்தாவது சர்ட்டிபிகேட்டுல வரும். வேலையில வரும். கல்யாணப் பத்திரிகையில வரும். அவன் எங்க கையெழுத்துப் போட்டாலும் மொதல்ல ஒம் பேருதான் வரும்."

"காயிதத்துலதானங்க மாறுது," என்றாள் அம்மா. "வூட்டுல நீங்கதான அப்பா."

மாமா கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் கேட்டு வாங்கல மச்சான். தானா வந்துட்டுது," என்றார். பிறகு, "போயிட்டு வரேன்க்கா," என்று எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பா என்னைப் பள்ளியிலிருந்து நேராக அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். ஷூவோடுதான். விண்ணப்பத்தில் கையெழுத்து ஆனால் அப்படியே டீச்சரம்மாவிடம் போகலாம் என்று. மாமாவும் பேனா பிடிப்பதற்காகக் கையைக் கழுவிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். கழுவியும் நகக்கண்ணில் வெள்ளை போகவில்லை.

அப்பா ஆறு தாளுக்கு நடுவே ஐந்து கார்பன் வைத்துத் தட்டி ஒழுங்குபடுத்தி மிஷினில் ஏற்றினார். மூன்று மணி முப்பத்தைந்து. அவர் விரல்களைப் பார்க்காமல் அடிக்கிறவர். பிறந்த தேதி, ஊர், தாய் பெயர் என்று படபடவென்று போயிற்று. தகப்பன் பெயர் என்ற கோட்டில் மிஷின் வண்டி நின்றது. என் பெயருக்கு முன்னால் இனிஷியலுக்கும் ஓர் இடம் விட்டிருந்தார்.

மிஷின் இங்கிலீஷ் மிஷின். அப்பாவின் எழுத்து ஜி. அது நடுவில், இடது ஆள்காட்டி விரலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். மாமாவின் எழுத்து பி. அது வலது கோடியில் இருக்கிறது, சுண்டுவிரலால் அழுத்த வேண்டும். பிற்காலத்தில் நானும் டைப்ரைட்டிங் பாஸ் செய்தேன், அதனால் தெரியும். கையிலேயே பலம் இல்லாத விரல் அதுதான்.

அப்பா சுண்டுவிரலை அந்த எழுத்தின் மேல் வைத்தார். விரல் அப்படியே இருந்தது. நான் மிஷினின் விளிம்பில் இருந்த திருகாணிகளை எண்ணினேன். ஏழு. மறுபடி எண்ணினேன். ஏழு. விரல் இறங்கவில்லை.

"ஒனக்கு அந்த ஸ்கூலு புடிச்சிருக்குதாடா?" என்று கேட்டார். என்னைப் பார்க்காமல்தான் கேட்டார்.

எனக்குப் பிடித்திருந்தது. குடைப் படம் போட்ட கொக்கி பிடித்திருந்தது. அந்த மெழுகு வாசனை பிடித்திருந்தது. ஆனால் அவர் விரலைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை முட்டியது. ஏதாவது சொல்லியாக வேண்டும். வாயில் வந்தது இரண்டே சொல்.

"ஷூ கடிக்குதுப்பா."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். பெரிய மூச்சு ஒன்று விட்டார். அதை அவர் பதிலாக எடுத்துக்கொண்டுவிட்டார் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. குனிந்து என் இரண்டு ஷூவையும் கழற்றினார். குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது. அதை ஊதினார். ஊதிக்கொண்டிருக்கும்போதே நான்கு மணிச் சங்கு ஊதியது.

தாள்களை மெதுவாக உருவி, ஐந்து கார்பனையும் தனியே எடுத்து மேசை இழுப்பறையில் வைத்தார். கார்பன் ஆலையுடையது. ஆறு தாளையும் ஒன்றாகச் சேர்த்துக் கிழித்தார். வாசலில் நின்ற மாமாவிடம், "அவனுக்குப் புடிக்கலயாம் மாப்ள," என்றார். மாமா என் வெறுங்காலைப் பார்த்தார். என்னைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவர் சட்டையில் ஈர மண் வாசனை அடித்தது. திரும்பிப் பார்த்தேன், அப்பா ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு இருபதடி பின்னால் வந்தார்.

டிசம்பரில் அந்தப் பள்ளியை மூடினார்கள். சாமான் ஏற்றப் போன மாமா, குடைப் படத்தோடு அந்தப் பன்னிரண்டாவது கொக்கியைக் கழற்றிக்கொண்டு வந்து, "இந்தாடா, ஒன்னுது," என்று கொடுத்தார். வெகுகாலம் அப்பாவின் சட்டை அதில்தான் தொங்கியது. வீட்டுக்குப் பூச்சு வேலை நடந்தபோது யாரோ பிடுங்கி எறிந்துவிட்டார்கள். ஷூவை அடுத்த வருடம் போட எடுத்தால் கால் வளர்ந்துவிட்டிருந்தது.

எனக்குக் கருவூலத்தில் வேலை கிடைத்தபோது அப்பா நியமன ஆணையை வாங்கிப் பார்த்தார். சம்பளத்தைப் பார்க்கவில்லை. என் பெயருக்கு முன்னால் இருந்த எழுத்தின் மேல் விரலை வைத்து, "ம்," என்றார். அவ்வளவுதான்.

சைக்கிள் வாங்கிய தேதி என்னை விடவில்லை. பணியில் சேர்ந்த பிறகு திருத்தக் கேட்டு மூன்று மனு போட்டேன். ஆதாரம் கேட்டார்கள். ஆதாரத்தில் என் அப்பா வேறொருவராக இருந்தார். 2020 ஏப்ரல் 30, வியாழக்கிழமை, ஊரடங்கில் மாலையும் இல்லாமல் டீயும் இல்லாமல் ஓய்வு பெற்றேன். ஏழே நாளில் அரசு ஓய்வு வயதை ஐம்பத்தொன்பது ஆக்கியது. அடுத்த வருடம் அறுபது ஆக்கியது. என் உண்மைப் பிறந்த தேதிப்படி 2022 டிசம்பர் 31 வரை நான் வேலையில் இருந்திருப்பேன். காதை இழுத்துக் கூட்டிய எட்டு மாதம், முப்பத்திரண்டு மாதமாக என்னிடமிருந்து போயிற்று. அந்த விரல் ஒருமுறை இறங்கியிருந்தால் போயிருக்காது. இறங்கியிருந்தால் நான் யாருடைய எழுத்தைப் போட்டுக்கொண்டு இதை எழுதுவேன் என்றும் தெரியவில்லை. எது நஷ்டம் என்று இந்த வயதிலும் எனக்குப் பிடிபடவில்லை.

அப்பா இந்தக் கணக்கைப் பார்க்க இல்லை. நல்லதுதான். மாமாவும் போய்விட்டார். அவருக்குக் கல்யாணமாகியும் கடைசிவரை பிள்ளை இல்லை. வெள்ளாற்றங்கரை ஊரின் அந்தப் பதிவேட்டில் மட்டும், பெயர் வைக்காத ஒரு மகன் அவருக்கு இருக்கிறான்.

மகனுக்கு நேற்று பதில் அனுப்பினேன்: அந்தக் கட்டத்தில் உன் தாத்தா பெயரைப் போடு.

சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் வித்தியாசம், சராசரியாக மாதம் 36,480 ரூபாய். முப்பத்திரண்டு மாதத்துக்கு 11,67,360. அதோடு ஷூ 12.50, சேர்க்கைக்கு எடுத்த போட்டோ 2.25, பெண்ணாடம் பஸ் 2.40, நகலும் டீயும் 1.50. ஆக அந்த ஓர் எழுத்துக்கு எனக்கு ஆன செலவு பதினோரு லட்சத்து அறுபத்தேழாயிரத்து முந்நூற்று எழுபத்தெட்டு ரூபாய் அறுபத்தைந்து பைசா.